போனா, பிஎஸ்2 ஆ, ஒபிஸ் கொம்பியூட்டரா, பிஎஸ்4 ஆ? வன்னி வீட்டுக்குக் கேம் ஆட எது பொருந்தும்

காலபோக வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் மாசி, பங்குனியில்தான் வீடுகளில் இந்தப் பேச்சு எழும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் மகன் பிஎஸ்4 (ரீவியில் இணைத்துக் கேம் ஆடும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 பெட்டி) கேட்பான். படிப்புக்கும் உதவும் என்று தங்கை கொம்பியூட்டர் கேட்பாள். கையில் போன் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது தகப்பனின் யோசனை. மூன்றிலும் நியாயம் இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் இழுபடுகிறது.

கொழும்பை மனதில் வைத்து எழுதப்படும் ஒப்பீடுகள் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே வீட்டுக்குள் ஃபைபர் வருகிறது, பழுதானால் பம்பலப்பிட்டிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவருக்கு இணையம் என்றால் போன் டவர், திருத்தம் என்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு பஸ் பயணம். ஆகவே அளவுகோலையே மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எதை வைத்து அளப்பது

முதலாவது கேள்வி, இணையம் இல்லாத ஒரு கிழமையில் அந்தப் பெட்டியில் எதை ஆடலாம் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூட இடம் கொடுக்கிறேன். வாங்கும் நாளில் எல்லாம் ஓடிக் காட்டும். டேட்டா முடிந்த நாளில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் உண்மையான பெறுமதி தெரியும்.

இரண்டாவது கரண்ட். மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கடைசிச் சில அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை வரும். 55 அலகில் நிற்கும் வீட்டில் 8 அலகு கூடினால், அந்த 8 அலகின் விலையைவிட அதிகமாகப் பில் ஏறும். கீழே உள்ள கணக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம், மாதம் 60 மணி நேரம் ஆடுவதற்கு. 32 அங்குல எல்ஈடி ரீவிக்கு 45 வாட் என்று எடுத்திருக்கிறேன். 12 வோல்ட் 100 ஏஎச் (அம்பியர் மணி) சோலார் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால், இன்வேர்ட்டர் இழப்பும் போக 500 வாட் மணிதான் கையில் நிற்கும்.

| எது | மாதம் எத்தனை அலகு | பற்றரியில் எவ்வளவு நேரம் | இணையம் இல்லாமல் |
|---|---|---|---|
| போன் | 1 இற்கும் குறைவு | கவலையே இல்லை | சில கேம்கள் மட்டும் |
| பிஎஸ்2 ஸ்லிம் + ரீவி | 4 | 7 மணி | முழுதாக ஓடும் |
| லப்டொப் | 3 | 11 மணி | பெரும்பாலும் ஓடும் |
| ஒபிஸ் கொம்பியூட்டர் + மொனிட்டர் | 5 முதல் 6 | ஐந்தரை மணி | பெரும்பாலும் ஓடும் |
| பிஎஸ்4 ஸ்லிம் + ரீவி | 7 முதல் 8 | 4 மணி | டிஸ்க்கில் வந்த கதைக் கேம்கள் ஓடும் |
| முதலில் வந்த பிஎஸ்4 + ரீவி | 11 | இரண்டரை மணி | மேலே உள்ளது போலவே |

மூன்றாவது புழுதியும் வெக்கையும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியோர வீட்டுக்குள் நுழையும் செம்புழுதி, விசிறி உள்ள எந்தப் பெட்டியையும் மூன்று மாதத்தில் அடைத்துவிடும். நான்காவது, திருத்தமும் உதிரிப்பாகமும். ஐந்தாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மறந்தால் தினமும் சண்டைதான்.

போன்

ஏற்கெனவே கையில் இருப்பதால் போன் இலவசம் போலத் தோன்றும். ஃப்ரீ ஃபயர் (2017), பப்ஜி மொபைல் (2018) இரண்டும் சும்மா கிடைக்கின்றன. ஆட்டம் நடக்கும்போது போகும் டேட்டா சில பத்து எம்பிதான். டேட்டாவை விழுங்குவது அப்டேட். ஒவ்வொரு புதிய சீசனுக்கும் நூற்றுக்கணக்கான எம்பி, சிலவேளை ஒரு ஜிபிக்கும் மேல் இறங்கும். இறக்காவிட்டால் உள்ளே விடாது. இரவு டேட்டா உள்ள பொதி எடுத்து, அப்டேட்டை நள்ளிரவுக்குப் பிறகு இறக்குவதுதான் வழி.

பிங், அதாவது போனுக்கும் கேம் சேர்வருக்கும் இடையே தகவல் போய் வரும் நேரம், இன்னொரு சிக்கல். பின்னேரம் ஏழு முதல் ஒன்பது வரை ஊரே ஒரு டவரைப் பிடிக்கும் நேரம். நான்கு கோடும் காட்டும், ஆனால் சுட்ட குண்டு ஒரு விநாடி கழித்துத்தான் போகும். இது போனின் பழுதல்ல. விலை கூடிய போன் வாங்கினாலும் மாறாது. அதிகாலையில் ஆடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இணையம் இல்லாமல் ஆடுவதற்கு என்றால் சென்னை நெக்ஸ்ட்வேவ் நிறுவனத்தின் வேர்ல்ட் கிரிக்கெட் சம்பியன்ஷிப் 3 (2020) நல்ல தெரிவு. விரலால் அடிக்கும் கிரிக்கெட்டில் இந்த அளவுக்கு அடிகளின் வகையைப் பிடித்த கேம் குறைவு. மினி மிலிஷியாவை ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டில் மற்றவர்கள் இணைந்து, டேட்டா ஒரு எம்பியும் போகாமல் ஆடலாம். 2013 இல் போனுக்கு வந்த ஜிடிஏ: சான் அன்ட்ரியாஸைப் பரிந்துரைக்க மாட்டேன். கார் ஓட்டிக்கொண்டே சுடும் இடங்களில் திரையின் பாதியைக் கட்டைவிரல்கள் மறைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. சார்ஜில் போட்டபடி ஆடினால் பற்றரி சூடாகி வீங்கக்கூடும், விரைவில் மாற்றவேண்டி வரலாம். பங்குனி, சித்திரை வெயிலில் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி, பிரகாசத்தைக் குறைத்து, கிராபிக்ஸை நடுத்தரத்தில் வைத்தால் கொஞ்சம் தாங்கும். அடுத்தது டயமண்ட், யூசி என்று கேமுக்குள்ளே விற்கும் சாமான்கள். தாயின் அட்டையோ ரீலோட் மீதியோ பிளே ஸ்டோருடன் இணைந்திருந்தால், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பில் மாற்றிவிட்டுத்தான் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.

தனியாக ஆடுபவர், விடுதியில் தங்கிப் படிப்பவர், ரீவி இல்லாத வீடு: இவர்களுக்குப் போன் போதும். கேமுக்காகவே புதுப் போன் வாங்குவதுதான் இந்த நான்கிலும் மோசமான முடிவு.

பிஎஸ்2

2000 இல் வந்து 2013 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற பெட்டி. இன்று பழசுதான். ஆனாலும் இணையம் என்ற சொல்லே தேவைப்படாத முழுக் கேம்கள் இதில்தான் இருக்கின்றன. டிஸ்க்கைப் போட்டால் ஓடும். அப்டேட் இல்லை, கணக்குத் திறப்பது இல்லை.

டெக்கன் 5 (2005) இருவர் பக்கத்தில் இருந்து அடிபட இன்றும் முதல்தரம். உள்ளேயே முதல் மூன்று டெக்கன்களின் ஆர்கேட் வடிவங்களும் இருக்கின்றன. ஷடோ ஒஃப் த கொலோசஸ் (2005) இல் மொத்தம் 16 எதிரிகள்தான், இடையில் வெறும் வெளி. பெரிய உருவத்தின் மேல் ஏறும்போது படம் திணறும். பொறுமை உள்ளவர் அந்தத் திணறலை மன்னித்துவிடுவார், வேகம் தேடுபவருக்குச் சலிக்கும். இஏ கிரிக்கெட் 07 இல் பந்துவீச்சாளரின் கை தெரியும் நொடியில் அடியைத் தெரிவு செய்யும் அந்தத் துல்லியம், பின்னால் வந்த பல கிரிக்கெட் கேம்களில் இல்லை.

பழுதாகும் இடங்கள் தெரிந்தவைதான். லேசர் தேய்ந்தால் முதலில் நீல அடிப்பக்க சீடிகளை வாசிக்காமல் விடும், பிறகு டிவிடிகளையும். 8 எம்பி மெமரி கார்டின் மலிவுப் பிரதிகள் திடீரென்று சேவ் செய்த எல்லாவற்றையும் அழிக்கும். இரண்டு கார்டு வைத்து, முக்கியமானதை இரண்டிலும் பதிவது நல்லது. யூஎஸ்பியில் கேம் நிரப்பித் தருகிறோம் என்று விற்கும் பெட்டிகளில், பிஎஸ்2 இன் யூஎஸ்பி மிகப் பழைய 1.1 வகை என்பதால், கதைக் காட்சிகள் வெட்டி வெட்டி ஓடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய தடித்த மொடலின் பின்னால் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், நம்முடைய 230 வோல்ட் சோக்கட்டில் குத்திய கணமே எரியும். லேபிளை வாசிக்காமல் வாங்கவே கூடாது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் புதிய எல்ஈடி ரீவியில் போட்டால் படம் கலங்கும், பட்டனுக்கும் அசைவுக்கும் இடையே தாமதம் இருக்கும். ரீவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். வீட்டு மூலையில் பழைய குழாய் ரீவி கிடந்தால் அதை எறிய வேண்டாம். பிஎஸ்2 அதில்தான் அழகு.

சோலாரில் ஓடும் வீட்டுக்கும், பத்து வயதுக்குட்பட்ட இருவர் உள்ள வீட்டுக்கும் இது ஏற்றது. ஆனால் நல்ல லேசர் கிடைப்பது வருடத்துக்கு வருடம் அரிதாகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாவித்த ஒபிஸ் கொம்பியூட்டர் அல்லது லப்டொப்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம் படிப்பு மட்டுமல்ல. 1998 முதல் இன்று வரை வந்த கேம்களில், கனமான கிராபிக்ஸ் கேட்காத எல்லாமே இதில் திறக்கும். பழுதானால் கிளிநொச்சியிலேயே திருத்தலாம். ஒவ்வொரு பாகமும் தனியாக மாற்றக்கூடியது.

கேட்கவேண்டியது: ஐ5 நான்காம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ராம் 8 ஜிபி ஒன்றாக இல்லாமல் 4 ஜிபி இரண்டாக இருக்க வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டி ராமைத்தான் கிராபிக்ஸுக்கும் பாவிக்கிறது. இரண்டு துண்டாக இருந்தால் இரு பாதையில் தகவல் போகும், கேமின் ஓட்டத்தில் அது கண்கூடாகத் தெரியும். கடையில் வைத்தே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து டிஸ்க்கின் நிலை மஞ்சளா என்று பாருங்கள், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. அரை மணி நேரம் ஒரு கேமை ஓடவிட்டு சூட்டைப் பாருங்கள். 90 பாகையைத் தாண்டினால், சூட்டைக் கடத்த சிப்பின் மேல் பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அது சின்ன வேலைதான், விலையில் குறைத்துக் கேட்கலாம்.

இனி கேம்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 இருபது வருடத்துக்குப் பிறகும் கூர்மை குறையாதது. கண்ணும் கையும் பழகினால் போதும், காசு கொடுத்து வாங்கும் ஆயுதம் எதுவும் உங்களை வெல்ல வைக்காது. சான் அன்ட்ரியாஸின் மூல வடிவம் இதில் பிசிறில்லாமல் ஓடும். இரண்டு இடத்தில் மட்டும் சறுக்கும். விண்டோஸ் 10 இல் மவுஸ் வேலை செய்யாமல் போவது அறியப்பட்ட கோளாறு, சைலன்ட் பட்ச் என்ற சிறு கோப்பைப் போட்டால் தீரும். அடுத்தது, கேமின் அமைப்பில் உள்ள ஃப்ரேம் லிமிட்டரை (படம் ஓடும் வேகத்துக்கு வைக்கும் எல்லை) நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நீச்சலும் வண்டியின் அசைவும் பிழையாகும், சில மிஷன்களை முடிக்கவே முடியாது. 2021 இல் வந்த டெஃபினிட்டிவ் வடிவம் வெளியான நேரத்தில் நிறுவனமே மன்னிப்புக் கேட்கும் அளவுக்குக் கோளாறுகளோடு வந்தது, இந்தப் பெட்டிக்கு அது கனமும்கூட.

ஸ்டார்டியூ வலி (2016) ஒரே ஒருவர், எரிக் பரோன், தனியாகச் செய்த கேம். ஒரு ஜிபிக்கும் குறைவு. ஒரு பருவத்துக்கு 28 நாள், நான்கு பருவம். எந்தப் பயிரை எப்போது போட்டால் பருவம் மாறுமுன் அறுக்கலாம் என்ற கணக்குத்தான் முழுக் கேமும். கச்சானும் உழுந்தும் போடும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிபடும். 2020 இறுதியிலிருந்து ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து ஆடவும் முடிகிறது. அதற்கு ஒரு கொன்ட்ரோலர் வேண்டும். தமிழ் இல்லை, வாசிக்கவேண்டிய ஆங்கிலம் நிறைய. அக்கா பக்கத்தில் இருந்து வாசித்துச் சொன்னால் சிறியவரும் ஆடலாம்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 இல் ஒரு தெரிவு செய்ய வேண்டும். 2013 இன் எச்டி வடிவம் சிறியது, இலகுவாக ஓடும். 2019 இன் டெஃபினிட்டிவ் வடிவம் பல மடங்கு பெரிது. ஆனால் 2022 இல் அதற்கு வந்த டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா என்ற மேலதிகப் பொதியில் திராவிடர் ஒரு தனி இனமாக வருகிறார்கள்: உறுமி வாள்வீரர், திரிசடை என்ற போர்க்கப்பல், இராஜேந்திர சோழனின் பெயரில் ஒரு போர்த்தொடர். உலகெங்கும் ஆடப்படும் ஒரு கேமில் சோழக் கப்பலை நகர்த்தும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நான்காம் தலைமுறை ஐ5 இல் கிராபிக்ஸைக் கீழே இறக்கினால் தனியாக ஆட ஓடும். எட்டுப் பேர் மோதும் பெரிய ஆட்டத்துக்கு இந்தப் பெட்டி போதாது. நான் என்றால் இராஜேந்திரனுக்காக டெஃபினிட்டிவ் வடிவத்தையே எடுப்பேன்.

இந்தப் பெரிய கோப்புகளை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? கேம் விற்கும் இணையத்தளமான ஜிஓஜியில் வாங்கும் கேம்களுக்குப் பூட்டு இல்லை. நகரத்தில் நல்ல இணையம் உள்ள உறவினர் வீட்டில் நிறுவும் கோப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, இணையமே இல்லாத பெட்டியில் நிறுவலாம். ஸ்டார்டியூ, டெரேரியா, ஹொலோ நைட் எல்லாம் அங்கே உண்டு. இன்னொரு கேம் கடையான ஸ்டீமில் இலங்கைக்குத் தெற்காசிய விலை காட்டும், பல கேம்கள் அமெரிக்க விலையைவிடக் குறைவு. ஒருமுறை இணையத்தோடு உள்நுழைந்து, கேமை ஒருதடவை திறந்து பார்த்துவிட்டு ஒஃப்லைன் மோடுக்கு மாற்ற வேண்டும். கரண்ட் போய் வந்த நாளில் டவரும் இல்லையென்றால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். இரண்டுக்கும் டொலரில் செலுத்தும் அட்டை வேண்டும். ஸ்டீம் விண்டோஸ் 7, 8 ஐ 2024 தொடக்கத்தில் கைவிட்டது. 64 பிட் விண்டோஸ் 10 தான் குறைந்தபட்சம்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது யூபிஎஸ். 650 விஏ யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தரும், சேவ் செய்து நிறுத்த அது போதும். லப்டொப்புக்கு இது தேவையில்லை. மாலையில் வோல்ட் விழும் கடைக்கோடி வீடுகளுக்கு லப்டொப்பே மேல். அடுத்தது கிராபிக்ஸ் கார்ட் ஆசை. ஒபிஸ் பெட்டியின் பவர் சப்ளை சிறியது, பெரும்பாலும் மேலதிக மின்வயர் இல்லாதது. மெல்லிய பெட்டியானால் அரை உயரக் கார்ட்தான் நுழையும். ஜிடி 1030 பொருந்தும், ஆனால் அதே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள்: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதை எடுங்கள், டிடிஆர்4 உள்ளது வேகத்தில் அதன் பாதிக்குப் பக்கம்தான். மெயின்போர்டின் சிஆர்2032 பற்றரி செத்தால் நேரம் பழைய வருடத்துக்குப் போகும். அப்போது ஸ்டீமும் இணையத்தளங்களும் திறக்காது. பலர் இதை விண்டோஸ் பழுது என்று நினைத்துப் பெரிய காசு கொடுக்கிறார்கள். புதிய பற்றரியைப் போட்டு நேரத்தைச் சரிசெய்தாலே போதும்.

"ஐந்நூறு கேம் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்" என்று வரும் சாமானை ஒதுக்குங்கள். பூட்டை உடைத்த கேமை ஓட்டுவதற்கு வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். அதே பெட்டியில்தான் வீட்டாரின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

பிஎஸ்4

2013 இல் வந்தது. பெரிய திரையில் பெரிய கதை வேண்டும் என்றால் இதற்கு ஈடு மேலே சொன்ன எதுவும் இல்லை. ரெட் டெட் ரிடெம்ஷன் 2 (2018) இரண்டு டிஸ்க்கில் வருகிறது, 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். மெதுவான கேம், குதிரையில் போகும் தூரமெல்லாம் உண்மையாகவே போக வேண்டும். அந்த மெதுவை விரும்புபவருக்கு ஒரு வருடத்துக்கு வேறு கேம் தேவைப்படாது. கோட் ஒஃப் வோர் (2018) அதைவிடச் சிறியது, தகப்பனும் மகனும் போகும் பயணம், இணையம் வேண்டாம். இட் டேக்ஸ் டூ (2021) ஐ இருவர் சேர்ந்துதான் ஆட முடியும். ஒருவர் இழுக்க மற்றவர் ஏற வேண்டும் என்ற அமைப்பு, சண்டை பிடிக்கும் சகோதரர்களுக்கு நல்ல மருந்து.

மாறாக, கோல் ஒஃப் டியூட்டி வோர்சோனுக்காக இதை வாங்குவது வீண்செலவு. 100 ஜிபிக்கு மேல் இறக்கி முடிக்கவே மாத டேட்டா போதாது, இறக்கிய பிறகும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். வாங்கிய கேம்களை ஒன்லைனில் ஆடப் பிளேஸ்டேஷன் பிளஸ் மாதக் கட்டணமும் உண்டு. கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறொரு நாட்டைத் தெரிவு செய்தால் பிறகு மாற்ற முடியாது. டிஸ்க் எந்த நாட்டினதும் ஓடும். மேலதிகப் பொதிகள் மட்டும் டிஸ்க்கின் நாட்டுக்கும் கணக்கின் நாட்டுக்கும் பொருந்த வேண்டும். ஆகவே ஊரில் பரவலாகக் கைமாறும் டிஸ்க்குகள் எந்த நாட்டினவை என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் திறவுங்கள். டிஸ்க்குகளை மாற்றிக்கொள்வதும் முடிந்ததை விற்பதும்தான் பிஎஸ்4 இன் செலவைக் குறைக்கும் ஒரே வழி.

வாங்கும்போது 2016 இல் வந்த ஸ்லிம்மைத் தேடுங்கள். கரண்டும் சத்தமும் குறைவு. பழைய மொடல்தான் கிடைக்கிறது என்றால் மொடல் இலக்கம் சியூஎச்-1200 வரிசை பரவாயில்லை, அதில் அழுத்தும் பட்டன் உண்டு. 1000, 1100 வரிசைகளில் தொட்டால் வேலை செய்யும் பட்டன். காலப்போக்கில் டிஸ்க்கைத் தானாகவே வெளியே தள்ள முயன்று பீப் அடிக்கும். எச்டிஎம்ஐ வயரை மெதுவாக அசைத்துப் படம் போகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் கனமான கேமை ஓடவிடுங்கள். விசிறி கத்தினால் உள்ளே புழுதி. மென்பொருள் 9.00 அல்லது அதற்குப் புதிதா என்று பாருங்கள். அதற்கு முந்தியதில், உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி செத்து, இணையமும் கிடைக்காவிட்டால் கேம்கள் திறக்காமல் போகும் சிக்கல் இருந்தது.

ஆட்டத்தின் நடுவே கரண்ட் நின்றால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாகும். பிறகு மெதுவாகத் திறந்தால், பெட்டியை முழுதாக நிறுத்தி, பவர் பட்டனை ஏழு விநாடி, இரண்டாவது பீப் கேட்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். கொன்ட்ரோலரை வயரில் செருகி, ஐந்தாவதாக உள்ள ரீபில்ட் டேட்டாபேஸைத் தெரிவு செய்யுங்கள். கேம்கள் அழியாது. அடிக்கடி இப்படி நடந்தால் ஹார்ட் டிஸ்க்கே போகும். அது லப்டொப்பில் உள்ள அதே இரண்டரை அங்குல சாட்டா வகைதான், 9.5 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது, வீட்டிலேயே மாற்றலாம்.

பல்லியும் எறும்பும் சூடான பெட்டிக்குள் குடியேறும். ஓடாத நேரம் மெல்லிய துணியால் மூடுங்கள், ஓடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் சோக்கட்டைக் கழற்றினால் மட்டும் போதாது. டிஷ் வயர் வழியாக ரீவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாகப் பிஎஸ்4 இன் படச் சிப்பை எரிக்கும் மின்னல்தான் இங்கே அதிகமான பெட்டிகளைக் கொல்கிறது. டிஷ் வயரையும் எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள்.

2020 இல் பிஎஸ்5 வந்தபின் புதிய கேம்கள் ஒவ்வொன்றாகப் பிஎஸ்4 ஐ விட்டுப் போகின்றன. ஜிடிஏ 6 இதற்கு வராது. மகன் அதை மனதில் வைத்துக் கேட்கிறான் என்றால் வாங்குமுன் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு இல்லாமல் ஊருக்கு என்றால்

வாசிகசாலையோடு உள்ள சனசமூக நிலையத்துக்கு யாராவது வெளிநாட்டிலிருந்து காசு தர முன்வந்தால் பெரும்பாலும் பிஎஸ்4 தான் யோசனையில் வரும். அதே காசில் மூன்று நான்கு ஒபிஸ் கொம்பியூட்டர் எடுக்கலாம், பகலில் பாடத்துக்கும் உதவும். கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டுப் போர்ட் நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று, கெட் 5ஈ நெட்வேர்க் வயர், ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் கொடுத்த ஐபி இலக்கம் (192.168.1.11, 12, 13 என்று), அவ்வளவுதான். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 இல் ஒருவர் சேர்வர் திறக்க, மற்றவர்கள் லான் பட்டியலில் கண்டு சேருவார்கள். பட்டியலில் பெயர் வராவிட்டால் பத்தில் ஒன்பது முறை விண்டோஸ் ஃபயர்வோல் மறித்திருக்கும். சேர்வர் திறந்த பெட்டியில் கேமுக்கு அனுமதி கொடுத்தால் வந்துவிடும். சுவிட்சைச் சுவரில் உயரமாக, யன்னலுக்கு எதிரில் இல்லாமல் பூட்டுங்கள். மழைச்சாரலும் புழுதியும் அந்த யன்னலால்தான் வரும்.